டீசல் வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டு: கழற்றுவதற்கு முன் கோளாறைப் பிடிப்பது எப்படி?

"அண்ணே, ஆண்டிபட்டி கணவாயில ரெண்டாவது கியருக்கு மேல இழுக்கவே மாட்டேங்குது. பின்னாடி ஒரே கரும்புகை" என்று டிரைவர் வந்து நின்றால், முதல் பழி இன்ஜெக்டர் மேல் விழும். அடுத்தது டர்போ மேல். இரண்டும் விலை கூடிய சாமான்கள். மாற்றிய பிறகும் அதே ஏற்றத்தில் வண்டி அதே மாதிரி முக்கினால், போன பணம் போனதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில், இன்ஜின் ஹெட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியை, யாரும் லேசில் சந்தேகப்படுவதில்லை. அப்படியே சந்தேகம் வந்தாலும், சோதிக்காமல் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடும் பழக்கமும் இருக்கிறது.

மேனிஃபோல்டு தானாகக் கெடுவது குறைவு. ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வு), டர்போ, இன்ஜின் ஆயில் ஆவி, கவனிக்காமல் விட்ட ஏர் ஃபில்டர் என்று வேறு இடங்களில் நடக்கும் தப்பெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அது அடைத்திருக்கிறதா, ஒழுகுகிறதா, உள்ளே இருக்கும் ஃபிளாப் என்ற சின்னத் தகடு சிக்கியிருக்கிறதா? அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தது எது? இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

காற்று போகும் வழி

வெளிக்காற்று ஏர் ஃபில்டரில் நுழைகிறது. அடுத்து ஏர்ஃப்ளோ சென்சார். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். பிறகு டர்போ. அது காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிவிடும்; ஏற்றத்தில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் முன்னால் ரேடியேட்டர் பக்கத்தில் இன்டர்கூலர் இருக்கிறது. அங்கிருந்து தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக மேனிஃபோல்டுக்கு வருகிறது. ஒரே வாயில் வாங்கிய காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது மேனிஃபோல்டின் வேலை. பழைய வண்டிகளில் அது அலுமினிய வார்ப்பு. புதியவற்றில் பலவும் கண்ணாடி இழை கலந்த நைலான் பிளாஸ்டிக்.

மேனிஃபோல்டிலோ, அதற்குச் சற்று முன்போ மேப் சென்சார் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை அது அளக்கிறது. ஈஜிஆர் குழாயும் அங்கேதான் வந்து சேரும். சில இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்று வழிகள் உண்டு. குறைந்த வேகத்தில் ஒன்றை மூடி, மற்றொன்றின் வழியே காற்றைச் சுழலவிட்டு டீசலோடு நன்றாகக் கலக்க வைக்கும் சின்னத் தகடுகள்தான் ஸ்விர்ல் ஃபிளாப்.

பெட்ரோல் வண்டியில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் இருக்கும். ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். டர்போ டீசலில் ஐடிலில் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். லோடில், அதாவது பாரம் இழுக்கும்போது, உள்ளே அழுத்தம் கூடி, காற்று வெளியே பீய்ச்சும். ஆகவே வண்டி நிற்கும்போது ஒழுக்கே தெரியாது. கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்டு மேல் அடித்து, இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் பெட்ரோல் வண்டி முறை இங்கே பயன்படாது. ஆபத்தும்கூட. டீசல் இன்ஜினுக்கு உள்ளே போகும் எரியக்கூடிய எதுவும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் தறிகெட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

கரி எங்கிருந்து வருகிறது

மூன்று கோளாறுகளில் அதிகம் பார்ப்பது அடைப்பு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டும் பாதி புரிந்த மாதிரி.

எரிதல் மிகச் சூடாக நடந்தால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயு அதிகம் உண்டாகும். அதைக் குறைக்க, சைலன்ஸர் பக்கம் போக வேண்டிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்டேக்கில் கலக்கிறது ஈஜிஆர். ஆக்சிஜன் குறைவதால் எரியும் சூடும் குறைகிறது. ஆனால் அந்தப் புகையில் கரித்துகள் இருக்கிறது. இன்னொரு பக்கம், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பகுதியில்) இருக்கும் ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு பிரீதர் ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் வந்து கலக்கிறது. உலர்ந்த கரி மட்டும் என்றால் காற்றோடு போய்விடும். ஆயில் மட்டும் என்றால் மெல்லிய படலமாக நிற்கும். இரண்டும் சேரும்போதுதான், விறகடுப்புக்கு மேல் சுவரில் ஏறும் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதன் மேலேயே அடுத்த கரி படிகிறது.

இதில் ஓட்டும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஈஜிஆர் அதிகம் திறப்பது குறைந்த லோடில், குறைந்த வேகத்தில். முழு லோடில் அது ஏறக்குறைய மூடிவிடும். மதுரை மாசி வீதிகளில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, கடை கடையாக நின்று சரக்கு இறக்கும் வண்டியில், ஏசி போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் டாக்ஸியில் கரி வேகமாக ஏறும். காற்றோட்டமும் மெதுவாக இருப்பதால் படிந்தது படிந்தபடியே இருக்கும். விருதுநகர் நான்குவழிச் சாலையில் தினமும் ஒரே சீராக ஓடும் அதே மாடல் வண்டியில் அதே கிலோமீட்டருக்குப் பாதி கரிகூட இருக்காது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மேனிஃபோல்டைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதில் அதனால்தான் அர்த்தமில்லை.

கரி கனமாக ஏறும் இடங்கள் இரண்டு: ஈஜிஆர் குழாய் வந்து சேரும் வாய், ஹெட்டுக்குள் நுழையும் போர்ட்டுகள் (காற்று வாய்கள்). மோசமான வண்டிகளில் போர்ட்டின் பாதி வாய் கறுப்புக் களியால் மூடியிருக்கும். நான்கு போர்ட்டும் ஒரே அளவில் அடைபடுவதும் இல்லை. ஈஜிஆருக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்குக் காற்று குறைந்து, தள்ளி இருப்பதற்குப் போதுமான அளவு கிடைத்து, ஐடிலில் இன்ஜின் ஆட ஆரம்பிக்கும். இந்த ஆட்டத்தைத்தான் இன்ஜெக்டர் கோளாறு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒழுக்கு

ஒழுக்குக்கு மூன்று இடங்களைப் பார்க்கலாம்: மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட், மேனிஃபோல்டின் உடம்பில் விரிசல், இன்டர்கூலர் ஹோஸும் கிளிப்பும். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். மதுரை வெயிலில் பானட்டுக்குள் வெந்து வெந்து ரப்பர் விறைத்துப்போகும். ஆயில் பட்ட இடம் ஊறி இளகும். ஹோஸ் கிளிப் உட்காரும் இடத்தின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், கீறல் விழும். ஐடிலில் ஒட்டிக்கொண்டிருக்கும், லோடில் வாய் பிளக்கும்.

டிரைவர் சொல்வதைக் கவனித்துக் கேட்டால் பாதி விடை கிடைக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று புது சத்தம், அதோடு கரும்புகை, இழுவை குறைவு என்றால் ஒழுக்கு. காரணம் எளிது: ஏர்ஃப்ளோ சென்சார் காற்றை எண்ணிவிட்டது, கம்ப்யூட்டர் அந்தக் கணக்குக்கு டீசலைக் கொடுக்கிறது, ஆனால் காற்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வருகிறது. அழுத்தம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிடும். இப்படி மாதக்கணக்கில் ஓட்டினால், சின்ன ஹோஸ் கீறல் டர்போ பேரிங்கைத் தின்றுவிடும்.

டர்போ இல்லாத வண்டிகளில் கதை வேறு. 2005-இல் வந்த, இரண்டு சிலிண்டர் கொண்ட முதல் குட்டியானை (டாடா ஏஸ்), பழைய டிராக்டர்கள் போன்றவற்றில் மேனிஃபோல்டுக்குள் எப்போதும் லேசான உறிஞ்சல் இருக்கும். அங்கே கேஸ்கட் ஒழுகினால் புகை அவ்வளவாகத் தெரியாது. ஃபில்டரைத் தாண்டாத தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். மேலூர்ப் பக்கம் குவாரிப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேய இது ஒன்று போதும். ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியால் உள்பக்கத்தைத் துடைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மண் தட்டினால், கரியை விட்டுவிட்டு முதலில் ஃபில்டர் பெட்டியையும் அதற்குப் பின்னால் உள்ள இணைப்புகளையும் பாருங்கள்.

ஸ்விர்ல் ஃபிளாப்

ஃபிளாப் உள்ள வண்டிகளில், கரி ஏறி அச்சு இறுகும். அல்லது வெளியே அதை இழுக்கும் பிளாஸ்டிக் கம்பியின் குமிழ் மூட்டு தேய்ந்து கழன்றுவிடும். மூடிய நிலையில் சிக்கினால் மேல் வேகத்தில் இழுவை இருக்காது. திறந்த நிலையில் சிக்கினால் கீழ் வேகத்தில் புகையும் மந்தமும் தெரியும். இழுப்பது வேக்குவம் டப்பா என்றால், கைப் பம்பால் வெற்றிடம் கொடுத்துப் பாருங்கள்: கம்பி முழுத் தூரம் நகர வேண்டும், ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மோட்டார் இழுப்பது என்றால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்து அளவுகளைப் படிக்கும் கருவியில்) திற, மூடு என்று கட்டளை கொடுத்துப் பார்க்கலாம்.

ஃபிளாப் தகட்டில் ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். கழன்ற ஒரு குட்டி ஸ்க்ரூ உள்ளே விழுந்தாலும் வால்வும் பிஸ்டனும் தப்பாது.

இரண்டு எண்களை வைத்துப் பிடிப்பது

ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல், சாதாரண ஸ்கேனரில் ஓடும் இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்த்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மேப் காட்டும் அழுத்தம் ஒன்று, ஏர்ஃப்ளோ காட்டும் காற்றளவு மற்றொன்று. கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்ணான கோட் நம்பரை மட்டும் படித்துவிட்டு சாமான் மாற்றுகிறவர்கள் விட்டுவிடும் இடம் இது.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். மேப் சென்சார் வெளிக் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். இங்கே 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே 78 அளவில் காட்டினால் அது சரிதான், சென்சார் கோளாறில்லை. மதுரையில் நிற்கும் வண்டியில் 90 அல்லது 110 என்று காட்டினால், மேப் சென்சாரின் மூக்கில் கரி மூடியிருக்கிறது, அல்லது சென்சாரே போய்விட்டது. அதை முதலில் சரிசெய்யாமல் அடுத்த எந்த அளவையும் நம்பக்கூடாது.

அடுத்தது ஐடிலில் காற்றளவு. இதைக் கணக்குப் போட்டே எதிர்பார்க்கலாம். 35 டிகிரி வெப்பத்தில், நம் ஊர் அழுத்தத்தில், ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிராம். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 625 சிசி. அது முழுசாக நிறைந்தால் 706 மில்லிகிராம். நடைமுறையில் 85 சதவீதம் நிறையும் என்று வைத்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு (சிலிண்டர் ஒருமுறை காற்றை உறிஞ்சுவதற்கு) 600 மில்லிகிராம். 1.3 லிட்டர் இன்ஜினுக்கு இதே கணக்கில் 300 அளவில் வரும். இது ஈஜிஆர் மூடியிருக்கும்போது வர வேண்டிய அளவு. ஈஜிஆர் திறந்திருந்தால் புகை இடம் பிடித்துக்கொள்வதால், இதில் பாதிவரைகூட இறங்கிக் காட்டும், அது இயல்பு. எனவே ஸ்கேனரில் ஈஜிஆரை மூடச் சொல்லிவிட்டுப் பாருங்கள். எண் சட்டென்று ஏறி மேலே சொன்ன அளவுக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது. ஏறவே இல்லை என்றால் ஈஜிஆர் திறந்தபடி சிக்கியிருக்கலாம். 600 வர வேண்டிய இன்ஜினில் கொஞ்சம் ஏறி 450-லேயே நின்றுவிட்டால் போர்ட் அடைப்பு அல்லது ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு.

கடைசியாக லோடில். காலியான சாலையில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 3,500 வரை ஏற்றுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம், உண்மையில் கிடைக்கும் அழுத்தம், காற்றளவு மூன்றையும் பதிவு செய்யுங்கள். இன்றைய காமன் ரெயில் டர்போ வண்டிகளில் மேப் 200 முதல் 250 கிலோபாஸ்கல் வரை போவது வழக்கம்.

இப்போது சேர்த்துப் படிக்க வேண்டும். அழுத்தம் குறைவு, காற்றளவு சரியாகவோ கூடுதலாகவோ இருக்கிறது என்றால் ஒழுக்கு: எண்ணிய காற்று வந்து சேரவில்லை. அழுத்தம் சரி, ஆனால் காற்றளவு குறைவு என்றால் மேப் சென்சாருக்கு அப்பால், போர்ட்டுகளில் அடைப்பு: டர்போ அழுத்தியது நிற்கிறது, உள்ளே போக வழியில்லை. இரண்டுமே குறைவு என்றால் மேனிஃபோல்டைத் தொட வேண்டாம். ஏர் ஃபில்டர், உறிஞ்சும் ஹோஸ், டர்போ, திறந்தபடி நிற்கும் ஈஜிஆர் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால் டீசல் பக்கம் போகலாம். இன்ஜெக்டரைச் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கட்டத்தில்தான்.

கோட் நம்பர்கள் இதற்குத் துணை. பி0299 டர்போ அழுத்தம் போதவில்லை என்கிறது. டர்போ கெட்டது என்று அது சொல்வதில்லை. பி0401 ஈஜிஆர் ஓட்டம் குறைவு. பி2015 ஃபிளாப்பின் நிலையைக் காட்டும் அளவு பொருந்தவில்லை. பி0106 மேப் அளவு நம்பும்படி இல்லை.

காற்றடைத்துச் சோதிப்பது

எண்கள் ஒழுக்கு என்று சொன்னால், இடத்தைப் பிடிக்கக் காற்றுச் சோதனை. இன்டர்கூலருக்குக் காற்று நுழையும் ஹோஸை டர்போவிலிருந்து கழற்றி, அந்த வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடியில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக் கிளிப் போட்டு இறுக்குங்கள். டர்போவுக்கு முன்னால் கொடுத்தால் பிரீதர் வழியாகக் கிராங்க்கேஸுக்குள் காற்று போய் சீல்களைத் தள்ளும். அதனால் டர்போவுக்குப் பிறகு கொடுப்பதே நல்லது. ரெகுலேட்டர் வைத்து 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார் கொடுங்கள். 15-ஐத் தாண்ட வேண்டாம். பஞ்சர் கடை கம்ப்ரஸர் டாங்கில் அதைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் திறந்தால் ஹோஸ் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். மூடிக்கு நேராக நிற்கவும் கூடாது.

பிறகு சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். நுரை பொங்கும் இடம் ஒழுக்கு. இணைப்புகளின் அடிப்பக்கத்துக்கு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். இதில் ஒன்று குழப்பும்: எந்தச் சிலிண்டரிலாவது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருந்தால் காற்று சைலன்ஸர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், அழுத்தம் நிற்காது. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு நிலையில் நின்றுவிடும். எங்கு திருப்பினாலும் சைலன்ஸரில் காற்று வந்தால் ஈஜிஆர் மூடவில்லை. டிப்ஸ்டிக் வழியாக லேசான காற்று வந்தால் அது ரிங்கைத் தாண்டிய காற்று. பலமாக வந்தால் அது வேறு பெரிய வேலை.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸுக்கும் வயர் பிளக்குக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேக்குவம் குழாய்கள் இரண்டு இடம் மாறினால் புதுக் கோளாறு ஒன்று கிளம்பும்.

பல வண்டிகளில் டீசல் ஹைபிரஷர் பைப்புகள் மேனிஃபோல்டுக்கு மேலேயே போகும். ஓடும்போது அவற்றில் 1,600 பார், அதற்கு மேலும் இருக்கும். இன்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னக் காயம் மாதிரி தெரிந்தாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்க நேரம் விடுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் துடைத்து, கழற்றியதும் வாய்களுக்கு மூடி போடுங்கள். மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று மேனுவல் சொல்லும் பைப்பைப் புதிதாகவே போட வேண்டும்.

மேனிஃபோல்டு போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரே பக்கம் முழுசாகக் கழற்றினால் தகடு வளையும். பிளாஸ்டிக் என்றால் வெடிக்கும். எடுத்தவுடன் ஹெட்டின் போர்ட்டுகளைப் பிசிறில்லாத துணியால் அடைத்து விடுங்கள். அலமாரியில் எத்தனை நட்டு வைத்தோம் என்று எண்ணுவதைவிட, உள்ளே எதுவும் விழ வழியில்லாமல் செய்வது நல்லது.

கழுவுவது, பழுது பார்ப்பது

சென்சார், ஃபிளாப் மோட்டார், ரப்பர் சீல் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கழுவ வேண்டும். அலுமினிய மேனிஃபோல்டை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கரி நீக்கும் கெமிக்கலிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிளாஸ்டிக் சுரண்டியும் நைலான் பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்கலாம். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். கரியோடு சேர்த்து அலுமினியத்தையும் அது தின்னும். கேஸ்கட் உட்காரும் முகம் குழி குழியாகிவிடும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பொறுமையும் போதும். தின்னரும் ஹீட் கன்னும் ஆகாது. கழுவிய கறுப்புக் களியைத் தெருச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது வைகைக்குத்தான் போய்ச்சேரும். பழைய ஆயில் டிரம்மில் சேர்த்துவையுங்கள். கடைசியில் காற்றடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காய வேண்டும்.

ஹெட்டில் இருக்கும் போர்ட்டைச் சுத்தம் செய்யும்போது, அந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வு மூடியிருக்கும் நிலைக்கு இன்ஜினைத் திருப்பிக்கொண்டு, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சியபடியே சுரண்டுங்கள். நான்கையும் ஒரே நிலையில் வைத்துச் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் திருப்பியே ஆக வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் கரிக்கட்டி சிலிண்டருக்குள் போகும்.

நேர்க்கோல் ஒன்றை மேனிஃபோல்டு முகத்தில் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் மேனுவல் வரம்போடு ஒப்பிட வேண்டும். வரம்பைத் தாண்டிய அலுமினியத்தை லேத் பட்டறையில் கொடுத்து முகம் சீவலாம். விரிசல் சந்தேகம் என்றால் போர்ட்டுகளை ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி 0.7 பார் கொடுத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அலுமினிய விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்கலாம். பிறகு முகத்தை மறுபடி சமப்படுத்தியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் விரிசலுக்கு எபாக்சி பசை பூசுவது எங்கள் பார்வையில் தப்பான வேலை. லோடில் அழுத்தமும் சூடும் மாறி மாறி அடிக்கும்போது பசை செதிலாகப் பெயரும். உள்பக்கம் பெயர்ந்த செதில் போய்ச்சேரும் இடம் வால்வு. அங்கே புதிது வாங்குவதுதான் வழி.

இந்த வேளையில் இன்டர்கூலரையும் கவிழ்த்துப் பாருங்கள். மெல்லிய ஆயில் பூச்சு இயல்பு. கவிழ்த்ததும் ஆயில் ஊற்றினால் டர்போ சீல் போயிருக்கிறது, அல்லது கிராங்க்கேஸ் அழுத்தம் கூடியிருக்கிறது. அந்த ஆயில் திடீரென்று இன்ஜினுக்குள் போனால், சாவிக்குக் கட்டுப்படாமல் இன்ஜின் தானாக ஏறி ஓடும். மேனுவல் கியர் வண்டியில் அப்படி நடந்தால் பிரேக்கை முழுசாக மிதித்து, மேல் கியர் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும்.

மாட்டுவது

கேஸ்கட் புதிதாகவே இருக்கட்டும். மேனுவல் கேட்காத இடத்தில் சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள். உள்ளே பிதுங்கிய துணுக்கு பிய்ந்து போகும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். மேனுவல் அளவுதான் முடிவு. எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்6-க்கு 8 முதல் 10 என்பது அலுமினிய ஹெட்டில் வழக்கமான அளவு. கைப்பலத்தில் இறுக்கினால் ஹெட்டில் மரை போய்விடும்; பிறகு அதற்கு இன்செர்ட் போடும் செலவு தனி.

ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் கொஞ்சம் புகை வரலாம். ஒட்டியிருந்த மிச்சக் கரி அது. கோட்களை அழித்து, ஈஜிஆர், த்ராட்டில், ஃபிளாப் மூன்றுக்கும் ஸ்கேனரில் புது நிலையைக் கற்றுக்கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய கணக்கிலேயே நிற்கும். மறுபடி காற்றுச் சோதனை, மறுபடி அதே மூன்றாவது கியர் ஓட்டம்.

ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் கரி வராதே என்று கேட்பவர்கள் உண்டு. கரி குறையும், உண்மைதான். ஆனால் நச்சுவாயு கூடும், மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு அது விரோதம். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ் 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து விளக்கு எரியவிட்டு இழுவையையும் குறைத்துவிடும். ஈஜிஆர் வால்வு முழுசாக மூடுகிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்வதும், பிரீதரில் ஆயில் பிரிக்கும் பகுதியை மாற்றுவதும், டர்போ ஹோஸ்களைச் சரிபார்ப்பதும்தான் கரியின் மூலத்தைத் தொடும் வேலை.

வேலை முடிந்த அன்று, ஈஜிஆர் மூடிய நிலையில் ஐடில் காற்றளவு எத்தனை மில்லிகிராம் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அன்றைய வெயிலும் பக்கத்தில் இருக்கட்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றின் எடை 3 சதவீதம் குறையும். அடுத்தடுத்த சர்வீஸில் அதே நிலையில் அளந்து, எழுதிவைத்த எண்ணிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், ஏர் ஃபில்டரையும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கியே இருந்தால் முழு மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டாம்; ஈஜிஆர் குழாயை மட்டும் கழற்றி, அது சேரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிய ஆரம்பிப்பது அங்கிருந்துதான்.